பொடி இன்ஹேலரில் மூச்சை எப்படி இழுப்பது: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பொடி இன்ஹேலரைப் புதிதாக வாங்கியவர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மருந்து வெளியே வர எதை அழுத்தணும்?" என்று கேட்பார்கள். எதையும் அழுத்த வேண்டியதில்லை. பஃப் அடிக்கும் இன்ஹேலரில், அழுத்தி அடைத்து வைத்த வாயு மருந்தைத் தள்ளிக்கொண்டு வரும். பொடி இன்ஹேலரில் அப்படி ஒரு வாயு கிடையாது. பொடியைக் கருவியிலிருந்து கிளப்புவது உங்கள் மூச்சு. கட்டியாக இருப்பதை உடைத்து நுண்துகளாக்குவதும் அதே மூச்சு. அதை நுரையீரல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுவேதான்.

மருந்து சரி, அளவு சரி, வேளை தவறாமல் எடுக்கிறார், ஆனாலும் இளைப்பு குறையவில்லை என்று வருபவர்களை என் முன்னால் ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்வேன். சிலர் பூவை முகர்வதுபோல மெல்ல இழுப்பார்கள். கேட்டால், "முன்னே பஃப் வச்சிருந்தேன், அதுல மெதுவா இழுக்கச் சொன்னாங்க" என்பார்கள். அவர்களுக்கு அன்று சொன்னதும் சரிதான். பஃப் வகைக்கு நிதானமான, மெதுவான மூச்சு வேண்டும். பொடி வகைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே பலமான மூச்சு வேண்டும். இரண்டும் நேர் எதிர். கருவியை மாற்றிக் கொடுத்தவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டால், நோயாளி பழைய பழக்கத்தையே புதுக் கருவியிலும் தொடர்வார். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பொடிக்குள் என்ன இருக்கிறது

எப்படி இழுப்பது என்று பழகுவதற்கு முன், எதை இழுக்கிறோம் என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே புரியும்.

நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போக வேண்டுமானால் மருந்துத் துகள் ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரான் வரைதான் இருக்கலாம். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்றால், துகள் எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நுண்ணிய பொடிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுவரில் ஒட்டிக்கொள்ளும், லேசில் கிளம்பாது. அதனால்தான் பெரும்பாலான தயாரிப்புகளில் அதைப் பெரிய லாக்டோஸ் (பாலிலுள்ள சர்க்கரை) துகள்களோடு கலந்து வைக்கிறார்கள். மருந்துத் துகள்கள் அந்த லாக்டோஸ் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோடெரால் மருந்தின் கேப்சூல் ஒன்றை, அதாவது கருவிக்குள் வைத்து இழுக்கும் கேப்சூலை, எடுத்துக்கொள்வோம். மருந்து 12 மைக்ரோகிராம், லாக்டோஸ் 25 மில்லிகிராம். அதாவது மருந்தைப் போல ஏறத்தாழ 2000 மடங்கு லாக்டோஸ். கேப்சூலைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் பொடி முழுக்க முழுக்கச் சுமக்கும் வண்டிதான். பயணி கண்ணுக்கே தெரியமாட்டார். எல்லாத் தயாரிப்பும் இப்படியில்லை. சிலவற்றில் லாக்டோஸே இருக்காது, மருந்துத் துகள்களே சேர்ந்து மென்மையான சிறு உருண்டைகளாக இருக்கும். எப்படியிருந்தாலும் உடைத்துப் பிரித்தால்தான் உபயோகம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாக்டோஸில் பால் புரதம் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கலாம். பால் புரதத்துக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் முதல் முறை இழுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்பும் என்பது வேறு விஷயம், அதற்காக இந்த அளவு லாக்டோஸைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

மூச்சின் வேகம் என்ன செய்கிறது

நீங்கள் இழுக்கும் காற்று கருவியின் குறுகலான வழிகளில் நுழைந்து சுழன்று கொந்தளிக்கிறது. அந்தக் கொந்தளிப்புதான் மருந்தை லாக்டோஸிலிருந்து உதறிப் பிரிக்கிறது. மூச்சு மெதுவாக இருந்தால் பொடி கருவியை விட்டு வெளியே வந்துவிடும், ஆனால் பிரியாமல் கட்டியாகவே வரும். கட்டி என்றால் கனம். தொண்டையில் காற்றுப்பாதை வளையும் இடத்தில் அதனால் திரும்ப முடியாது, நேரே போய்ப் பின்சுவரில் மோதி அங்கேயே தங்கிவிடும். பிறகு எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். மருந்து எடுத்த திருப்தி நமக்கு இருக்கும், நுரையீரலுக்கோ கொஞ்சம்தான் கிடைத்திருக்கும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? டர்புஹேலர் என்ற பொடி இன்ஹேலரில் புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை வைத்து 1994-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் வேகத்தில் இழுத்தபோது மருந்தில் ஏறக்குறைய 28 சதவீதம் நுரையீரலில் சேர்ந்தது. வேகம் சுமார் 35 லிட்டராகக் குறைந்தபோது அது 15 சதவீதமானது. அதே கருவி, அதே மருந்து, கிடைத்ததோ கிட்டத்தட்ட பாதி. எல்லாக் கருவியிலும் இவ்வளவு வித்தியாசம் வராது. சில கருவிகள் மூச்சின் வேகம் கூடினாலும் குறைந்தாலும் அதிகம் மாறாத அளவில் மருந்தைத் தரும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. மூச்சின் உச்ச வேகம் எவ்வளவு என்பதைவிட, அந்த வேகத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறோம் என்பது சில கருவிகளில் அதிகம் முக்கியம். பொடியைச் சேமிப்பறையிலோ கொப்புளப் பொட்டலத்திலோ வைத்திருக்கும் கருவிகளில், மூச்சு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பொடியின் பெரும்பகுதி கிளம்பிவிடும். மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் பலமாக இழுத்தால், பலம் வந்து சேரும்போது பொடி ஏற்கனவே கட்டியாகத் தொண்டைக்குப் போய்விட்டிருக்கும். பேருந்து போன பிறகு ஓடுவது போலத்தான்.

கருவிக்குக் கருவி எதிர்ப்பு வேறு

அகலமான உறிஞ்சுகுழலில் காற்றை இழுத்துப் பாருங்கள், சுலபமாக வரும். மெல்லிய குழலில் இழுத்தால் கன்னம் ஒட்டிப்போகும். பொடி இன்ஹேலர்களும் இப்படித்தான். இழுக்கும் காற்றுக்குக் கருவி காட்டும் இந்தத் தடையைத்தான் எதிர்ப்பு என்கிறோம். பிரீஸ்ஹேலர் எதிர்ப்புக் குறைந்தது, டிஸ்கஸ் நடுத்தரம், டர்புஹேலர் அதற்கு மேல், ஹேண்டிஹேலர் மிக அதிகம்.

சோதனைக்கூடங்களில் இந்தக் கருவிகளைப் பரிசோதிக்க 4 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நீரை ஒரு குழலில் சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏற்றத் தேவையான உறிஞ்சல் அது. அதே உறிஞ்சலைக் கொடுத்தால் பிரீஸ்ஹேலரில் காற்று நிமிடத்துக்கு 110 லிட்டர் அளவில் ஓடும். டிஸ்கஸில் 75-ஐ ஒட்டி, டர்புஹேலரில் 60-ஐ ஒட்டி, ஹேண்டிஹேலரில் 40-ஐ ஒட்டி. உழைப்பு ஒன்றுதான், வேகம் மட்டும் இவ்வளவு மாறுகிறது. ஆகவே "எனக்கு 45 லிட்டர்தான் வருது, அவருக்கு 90 வருது" என்று இரண்டு வேறு கருவிக்காரர்கள் ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை. 45 என்பது ஹேண்டிஹேலரில் தாராளம், பிரீஸ்ஹேலரில் குறைவு.

எதிர்ப்பு அதிகமென்றால் மோசமான கருவி என்றும் நினைக்க வேண்டாம். குறுகலான வழியில் குறைந்த வேகத்திலேயே நல்ல கொந்தளிப்பு கிடைத்துவிடும், தொண்டையில் மோதுவதும் குறையும். இழுக்கக் கொஞ்சம் கடினமாக இருக்கும், அவ்வளவுதான்.

கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேகத்தை இரட்டிப்பாக்க வேண்டுமானால் உறிஞ்சலை நான்கு மடங்காக்க வேண்டும். டர்புஹேலரில் 30 லிட்டர் வேகத்துக்கு ஏறத்தாழ 1 கிலோபாஸ்கல் போதும், 60-க்கு 4-க்கு மேல் தேவை. மூச்சுத் தசைகள் தளர்ந்த முதியவருக்கு "இன்னும் கொஞ்சம் வேகமாக இழுங்க" என்று நாம் சாதாரணமாகச் சொல்வது எவ்வளவு பெரிய வேலை என்று இதிலிருந்து தெரியும்.

இனி, படிப்படியாக

முதலில் உட்காருங்கள் அல்லது நில்லுங்கள். சாய்ந்து படுத்துக்கொண்டு இழுத்தால் நெஞ்சு முழுதாக விரியாது. முதுகு நேராக, முகவாய் லேசாக மேலே.

அடுத்து, மருந்தை ஏற்றுவது. இது கருவிக்குக் கருவி மாறும், கூட வரும் தாளைப் பார்த்துச் செய்யுங்கள். டர்புஹேலரை நிமிர்த்திப் பிடித்து அடிப்பகுதியை ஒரு பக்கம் முழுக்கத் திருகி, 'க்ளிக்' கேட்கும்வரை திரும்பக் கொண்டுவர வேண்டும். சாய்த்துப் பிடித்துத் திருகினால் அளவு சரியாக விழாது. டிஸ்கஸைக் கிடைமட்டமாகப் பிடித்து நெம்புகோலைத் தள்ள வேண்டும். எலிப்டாவில் மூடியை முழுக்கத் திறந்தாலே மருந்து ஏறிவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சும்மா திறந்து மூடினால் ஒரு வேளை மருந்து வீண். கேப்சூல் வகையில் கை உலர்ந்திருக்க வேண்டும், கேப்சூலை அப்போதுதான் உறையிலிருந்து எடுக்க வேண்டும், பக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தித் துளையிட்டு விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்ப அழுத்தினால் கேப்சூல் நொறுங்கிச் சில்லுகள் வாய்க்கு வரும். கேப்சூலைச் சிலர் விழுங்கியும் விடுகிறார்கள். அது விழுங்கும் மாத்திரை இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

மருந்தை ஏற்றிய பிறகு கருவியைக் குலுக்காதீர்கள், கவிழ்க்காதீர்கள். பஃப் வகையைக் குலுக்கிப் பழகிய கை தானாகக் குலுக்கும், கவனம்.

அப்புறம் மூச்சை வெளியே விடுங்கள், முகத்தைக் கருவியிலிருந்து நன்றாகத் திருப்பிக்கொண்டு. உள்ளே இருக்கும் காற்றைச் சிரமமில்லாத அளவுக்கு வெளியேற்றினால்தான் அடுத்த மூச்சு நீளமாகவும் பலமாகவும் வரும். கருவிக்குள் ஊதிவிட்டால் இரண்டு கெடுதல். ஏற்றி வைத்த பொடி பறந்துவிடும். மூச்சிலுள்ள ஈரம் உள்ளே படிந்து, பொடி இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொள்ளும்.

இப்போது முனையைப் பற்களுக்கு நடுவே வைத்து உதடுகளை இறுக மூடுங்கள். உதட்டோரம் இடைவெளி இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியாகவே வரும், கருவி வழியாக வராது. நாக்கு முனையை மறைக்கக் கூடாது. காற்று நுழையும் துளைகளை விரல் மூடக் கூடாது. எலிப்டாவிலும் டர்புஹேலரிலும் இது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் மையம், இழுப்பது. முதல் நொடியிலேயே பலம் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் முங்கி எழுந்தவர் தலை வெளியே வந்ததும் ஒரே இழுப்பாகக் காற்றை வாங்குவார் பாருங்கள், அப்படி. தொடங்கிய பலத்தை விடாமல், நுரையீரல் நிரம்பும்வரை, இரண்டு மூன்று நொடியாவது ஆழமாக இழுத்துக்கொண்டே போங்கள். பலமாகத் தொடங்கிச் சட்டென நிறுத்துவதும் தவறு. நடுவில் நின்றால் துகள்கள் பெரிய குழாய்களைத் தாண்டாது. கன்னத்தால் உறிஞ்சக் கூடாது, நெஞ்சும் வயிறும் விரிவது உங்களுக்கே தெரிய வேண்டும்.

ஹேண்டிஹேலருக்கு மட்டும் அறிவுறுத்தல் கொஞ்சம் வேறு. மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்கலாம், ஆனால் கேப்சூல் அதிரும் சத்தம் கேட்கிற அளவு பலம் இருக்க வேண்டும். அதே கேப்சூலிலிருந்து இரண்டாவது முறையும் இழுக்க வேண்டும். எதிர்ப்பு மிக அதிகமான கருவியாதலால் வேகத்தை நாம் அடித்துத் துரத்த வேண்டியதில்லை. கேப்சூல் எழுப்பும் ஒலிதான் அதற்கு அளவுகோல்.

இழுத்து முடித்ததும் கருவியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முடிந்தால் 10 நொடி, முடியாவிட்டால் 5 நொடியாவது மூச்சை அடக்குங்கள். நுண்துகள்கள் காற்றில் மிதந்துகொண்டிருக்கும். அவை படிய அந்த நேரம் வேண்டும். பிறகு மெதுவாக விடுங்கள், மறுபடியும் கருவியிலிருந்து திரும்பிக்கொண்டு.

ஸ்டீராய்டு உள்ள மருந்தென்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். எவ்வளவு நன்றாக இழுத்தாலும் ஒரு பங்கு வாயிலும் தொண்டையிலும் தங்கத்தான் செய்யும். அது அங்கேயே கிடந்தால் குரல் கம்மும், வெள்ளைத் திட்டாகப் பூஞ்சை வரலாம்.

சரியாக இழுத்தோமா என்று எப்படித் தெரியும்

கேப்சூல் வகையில் இது சுலபம். காது கேட்கும், கண் பார்க்கும். கேப்சூல் சுழலும் 'கிர்ர்' ஒலி வரவில்லையென்றால் அது சிக்கியிருக்கிறது, அல்லது மூச்சு போதவில்லை. முடித்த பிறகு திறந்து பாருங்கள், உள்ளே பொடி மிச்சமிருந்தால் மூடி இன்னொரு முறை இழுங்கள். இந்த வசதிக்காகவே புதியவர்களுக்குக் கேப்சூல் வகை எனக்குப் பிடிக்கும். தவறு நடந்தால் கருவியே காட்டிக்கொடுத்துவிடும். இந்த வகையின் மூத்த கருவியான ஸ்பின்ஹேலர் 1960களின் பிற்பகுதியில் வந்தது. அதைக் கொண்டுவந்த மருத்துவர் ரோஜர் ஆல்டூன்யான் தானே ஆஸ்துமா நோயாளி, இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். கேப்சூலைச் சுழற்ற அவர் கருவிக்குள் வைத்தது ஒரு குட்டி விமான விசிறி.

டர்புஹேலரில் பலருக்கு எந்தச் சுவையும் தெரியாது, வாயில் பொடியும் தட்டுப்படாது. மருந்து வரவில்லை என்று எண்ணி மறுபடி மறுபடி இழுப்பவர்கள் உண்டு. அந்தச் சந்தேகம் தீராதவர்களுக்கு நான் ஒருமுறை செய்து காட்டுவேன். மெல்லிய கறுப்புத் துணியை முனைமேல் இறுகப் போர்த்தி, அதன் வழியாக இழுக்கச் சொல்வேன். துணியை விரித்துப் பார்த்தால் நடுவில் வெண்ணிறத்தில் மங்கலாக ஒரு சிறு வட்டம். அதைப் பார்த்த பிறகு அவர்கள் முகத்தில் வரும் நிம்மதியே தனி. ஒரு வேளை மருந்து அதில் போய்விடும், ஆகையால் ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். அதே கருவியைக் குலுக்கினால் கேட்கும் 'சலசல' ஒலி ஈரம் உறிஞ்சும் பொருளுடையது. மருந்து தீர்ந்த பிறகும் அது ஒலிக்கும், அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். எண்ணிக்கை காட்டும் சாளரத்தைப் பாருங்கள்.

மூச்சின் வேகத்தையே அளக்க வேண்டுமானால் இன்-செக் டயல் போன்ற எளிய கருவிகள் மருத்துவமனைகளில் இருக்கும். உங்கள் இன்ஹேலரின் எதிர்ப்புக்கு ஏற்ப அதைத் திருப்பி வைத்து இழுக்கச் சொல்வார்கள், எண் தெரிந்துவிடும். பல கருவிகளுக்கு 30 லிட்டர் என்பது கீழ் எல்லை, 60-ஐ ஒட்டி வந்தால் நல்லது என்பார்கள். முன்பு ஊதிக் காட்டிய ஸ்பைரோமெட்ரி அறிக்கை இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். பொதுவாக அதில் பார்ப்பது வெளியே ஊதும் திறனை. நன்றாக ஊதத் தெரிந்தவர் நன்றாக இழுப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. உள்ளிழுக்கும் வேகத்தைத் தனியாக அளக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

மூச்சே போதாதபோது

சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) முற்றியவர்களுக்கு நுரையீரலில் காற்று தேங்கி, நெஞ்சுக்குக் கீழே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகிவிடும். தட்டையான தசையால் பலமாக இழுக்க முடியாது. 5 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளாலும் பொதுவாக இந்த வேகத்தை நம்பகமாகக் கொடுக்க முடியாது. இவர்களிடம் "பலமா இழு, பலமா இழு" என்று திட்டிப் பயனில்லை. கருவியைத்தான் மாற்ற வேண்டும். பஃப் வகையோடு ஸ்பேசர் (மருந்தைப் பிடித்து வைக்கும் குழல் போன்ற அறை) சேர்த்துக் கொடுக்கலாம், மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் கொடுக்கலாம். எது என்பதை மருத்துவர் சொல்வார். பொடி இன்ஹேலரில் ஸ்பேசரைப் பொருத்த முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மூச்சின் வேகம் ஸ்பேசரின் காலி இடத்திலேயே தொலைந்துவிடும்.

சாதாரண நாளில் நன்றாக இழுப்பவருக்கும் நோய் கூடும் நாளில் இழுக்கும் பலம் குறையலாம். அந்த நேரத்துக்கு எந்த மருந்து, எந்தக் கருவி என்று நல்ல நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால், இன்ஹேலரை வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கருவியைக் குளியலறையில் வைக்காதீர்கள், ஈரம் பொடியைக் கெடுக்கும். முனையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். தாளில் சொல்லாதவரை தண்ணீரில் கழுவ வேண்டாம். மருத்துவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் கருவியைக் கையோடு எடுத்துப் போய், அவர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள். அவர் கேட்க மறந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.